கோட்டுக்குக் கீழே

மெதுவா தம்பி, மெதுவா. இது பழைய சுவரு. நீ துளை போடற வேகத்துக்கு அது பக்கத்து வீட்டு அடுப்படியைப் போய் எட்டிப் பாத்துரும். உக்காரு, மோரைக் குடி. டிவி எங்கயும் ஓடிப்போயிராது. இவ்வளவு பெரிய உடம்பை வச்சுக்கிட்டு அது எங்க ஓடும்?

எம்மாம் பெருசு அனுப்பியிருக்கா பாரு. நான் ஒண்டிக்கட்டை, எனக்கு எதுக்குப்பா இது? வாசக்கதவுல முக்கால்வாசி இருக்கு. அனுப்பினது என் பொண்ணு. உன் போன்ல பேரு வந்திருக்குமே, அம்சவேணின்னு. பேசினியா அவகிட்ட? காலையில பேசினியா? குரல் எப்படி இருந்துச்சு? சளி கட்டின மாதிரி இருந்துச்சா? பனிக்காலம் வந்தா அவளுக்கு ஒத்துக்காது. விலாசம் சொல்லிட்டு வச்சுட்டாளா? ஆமா, அவ அதிகம் பேச மாட்டா.

என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டா. அது வேற விஷயம். குறை சொல்லக்கூடாது. மாசம் பொறந்தா மாத்திரை வருது, அரிசி வருது. குக்கர் வளையம் தேஞ்சு போச்சுன்னு கீழ் வீட்டம்மாகிட்ட சொன்னேன், அது எப்படியோ அவ காதுக்குப் போய், மறுநாளே ஒரு ஆள் வந்து மாத்திட்டுப் போறான். இப்ப டிவியும் வந்திருச்சு. அவதான் வரல.

வருவா. கோபம் இறங்காமயா இவ்வளவு பெருசா ஒண்ணை அனுப்புவா? நீயே சொல்லு. நீ என்னத்தைச் சொல்லப்போற, உனக்கு என்ன தெரியும்.

அந்தப் பழசை எடுத்துட்டுப் போறேன்னியே, கொஞ்சம் பொறு, இன்னிக்கு வேண்டாம். ஆளாளுக்கு மாத்து மாத்துன்னாங்க, நான்தான் மாத்தல. முன்னால தொந்தி மாதிரி வளைஞ்ச கண்ணாடி இல்ல அதுக்கு? படத்துல நாலு ஓரத்துலயும் ஒரு விரக்கடை அதுவே முழுங்கிடும். செய்தியில கீழ ஓடற எழுத்துல பாதிதான் தெரியும். எனக்கு அது போதும்பா. முழுசாத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? முழுசாத் தெரிஞ்சதுலதான் என் குடி கெட்டுச்சு.

உனக்கு பேபி அம்சாவைத் தெரியாது. நீ பொறக்கறதுக்கு முந்தின சங்கதி. வீட்டுக்குப் போய் உங்கப்பாவைக் கேளு. செத்துப்போன அம்மா பக்கத்துல நின்னு அழற பாப்பான்னு சொல்லு, போதும். சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக் கூட சோத்துல கைய வச்சபடி அப்படியே உக்காந்துருவாரு. குடிசைக்குள்ள கயித்துக் கட்டில். கட்டில்ல அம்மாக்காரி செத்துக் கெடக்கா. குழந்தைக்குத் தெரியல. பக்கத்துல வந்து நின்னு, 'எந்திரும்மா'ங்குது. ரெண்டாந்தடவ சொல்லுது. அப்புறம் உதடு துடிக்குது, முகம் கோணுது, கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டுது. பாட்டு கெடையாது, பின்னால மேளம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. சேலத்துல ஒரு தியேட்டர்ல அந்தக் கட்டம் வந்தா காத்தாடியை நிறுத்திருவாங்களாம், ஜனங்க அழற சத்தம் கேக்கட்டும்னு. அந்தக் குழந்தைதான் என் பொண்ணு. இந்த டிவியை அனுப்பினவ.

சொந்த ஊர் எங்களுக்கு ஆரணி. வீட்டுக்காரர் இங்க ஸ்டுடியோவுல துணி தைக்கற வேலையில இருந்தாரு. மத்தியானம் சாப்பாடு எடுத்துட்டுப் போவேன், இவ இடுப்புல இருப்பா. ஒரு நாள் டைரக்டர் பாத்தாரு. 'இந்தாம்மா, உன் குழந்தைக்குக் கண்ணு பேசுதே'ன்னாரு. அப்ப அதுக்கு நாலு வயசு முடியல. அம்சவேணின்னு எழுதினா பேனர்ல இடம் போதாது, பேபி அம்சான்னு போடுன்னு அவருதான் பேரும் வச்சாரு.

அந்த அழற கட்டம் எடுத்த அன்னிக்கு வெள்ளிக்கிழமை. அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னு சொல்றேன். காலையில இருந்து இது அழ மாட்டேங்குது. செத்துக் கெடந்த நடிகை மூக்குல ஈ உக்காருது, அந்தம்மா மூக்கைச் சுளிக்குது, இது கைகொட்டிச் சிரிக்குது. மிட்டாய் குடுத்துப் புடுங்கிப் பாத்தாங்க. 'சரி, நீயே தின்னு'ன்னுட்டு இது போயிருச்சு. அவ்வளவு நல்ல குணம் அப்பவே. கிளிசரின் போட்டாங்க, கண்ணைக் கசக்கி மையெல்லாம் மூஞ்சியில பூசிக்கிச்சு. மறுநாள் அந்தக் குடிசையைப் பிரிச்சுட்டு அரண்மனை போடணுமாம், வேற கம்பெனிக்கு. டைரக்டர் தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. நான் பெத்தவ இல்லையா? அது அழாததுக்கு நான்தானே பதில் சொல்லணும்? எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. வேற குழந்தையைக் கூட்டிட்டு வந்துருவாங்களேன்னு பயம்.

பென்ஜமின்னு ஒருத்தர், கேமராக்காரருக்கு உதவியா இருந்தவரு. தங்கமான மனுஷன். அவருதான் என்னைக் கூப்பிட்டு அந்தக் கேமராவுக்குள்ள பாக்க விட்டாரு. 'அக்கா, இந்தக் கண்ணாடியில ரெண்டு கோடு தெரியுதா? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ்க் கோட்டுக்குக் கீழ இருக்கறது ஃபிலிம்ல பதியும். ஆனா தியேட்டர்ல ஓட்டும்போது தகடு வச்சு மறைச்சிருவாங்க. உலகத்துல ஒருத்தர் கண்ணுக்கும் தெரியாது. நீங்க கட்டிலுக்கு இந்தப் பக்கம் தரையில உக்காருங்க, கைய மட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழ வச்சுக்கங்க'ன்னாரு. உக்காந்தேன். அவரு காட்டின இடத்துலதான் கை வச்சேன் தம்பி. ஒரு நூல் மேல போகல. பெரிய பெரிய நடிகருங்கல்லாம் சொன்ன இடத்துல நிக்கத் தெரியாம தடுமாறுவாங்க. நான் சொன்ன இடத்துல சொன்னபடி வச்சேன். டைரக்டரே பாராட்டினாரு.

என்னத்தைச் செஞ்சேன்? தொடையில லேசாத் தொட்டேன். ஒரு தாய் தொடற மாதிரிதான். சரி, தொட்டா அழுவுமான்னு கேக்கற. கிள்ளினேன்னே வச்சுக்கயேன். நகம் வளக்கற பழக்கமெல்லாம் எனக்குக் கெடையாது. அன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னேனே, வெள்ளிக்கிழமை நகம் வெட்ட மாட்டோம் நாங்க. அதனால கொஞ்சம் இருந்திருக்கும். அதுக்கு நான் என்ன பண்றது?

ஏன் மோரை வச்சுட்ட? உப்பு கூடிப்போச்சா? இங்க பாரு, நீ கல்யாணம் ஆனவனா? குழந்தை இருக்கா? ஊசி போடக் கொண்டுபோறியே, டாக்டர் குத்தும்போது கைய காலை அமுக்கிப் புடிச்சுக்கறியே, அது வலிக்காதா அதுக்கு? நல்லதுக்குத்தானே புடிக்கற? இதுவும் அப்படித்தான். இந்த வீட்டைச் சுத்திப் பாரு. தரையில மொசைக், மாடியில ரெண்டு ரூம். வீட்டுக்காரரு படம் வந்த ரெண்டாம் வருஷமே மாரடைச்சுப் போயிட்டாரு. இது அவ அழுது கட்டின வீடு. நான் எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லுவேன்.

படம் வந்து பேர் வாங்கின கையோட பத்திரிகைக்காரங்க வந்துட்டாங்க. 'எப்படிம்மா இந்தப் பச்சைக் குழந்தை இப்படி அழுதுச்சு?'ன்னாங்க. நான் என்ன சொல்லட்டும்? 'உங்கம்மா நெசமாவே செத்துட்டா என்ன பண்ணுவேன்னு டைரக்டர் காதுல கேட்டாரு. அவ்வளவுதான், கொட்டிருச்சு. எம்மேல அவ்வளவு உசுரு'ன்னேன். பொய்யா அது? எம்மேல உசுரு இல்லையா அதுக்கு? நான் குளிக்கப் போனாக் கூட கதவுக்கு வெளியில உக்காந்திருக்கும்.

அதைக் கேட்டுக் கேட்டே வளந்தா. அப்புறம் அவளே சொல்ல ஆரம்பிச்சா. பள்ளிக்கூடத்துல சொல்லுவா, மேடையில சொல்லுவா, டிவிக்காரங்க வந்தா அவங்ககிட்டயும் சொல்லுவா. சொல்லச் சொல்ல அதுல ஒண்ணொண்ணா சேந்துக்கிட்டே போகும். 'அன்னிக்கு எங்கம்மா நீலப் புடவை கட்டியிருந்தாங்க. அந்தப் புடவை கொடியில தனியாத் தொங்கற மாதிரி நெனச்சேன், அழுகை வந்துருச்சு'ம்பா. எங்கிட்ட அப்ப நீலப் புடவையே கெடையாது. ஆனா அவ சொல்லிக் கேட்டா எனக்கே கண்ணு கலங்கும். பக்கத்துல உக்காந்து தலையாட்டுவேன்.

அந்த ஒரு படத்தோட நிக்கலப்பா, வரிசையா வந்துச்சு. அழற பாத்திரம்னா பேபி அம்சாவைக் கூப்பிடுன்னு ஆகிப்போச்சு. ஒரே டேக். அதுக்கப்புறம் நான் கைய வைக்கற வேலையே இல்ல. கேமராவுக்குப் பக்கத்துல போய் நின்னாப் போதும், என்னைப் பாத்த உடனே அழுதுரும். அவ்வளவு கெட்டிக்காரி.

பல்லு விழுந்து மொளைச்சதும் பேபிக்கு மவுசு போச்சு. வளந்து நின்னா, கதாநாயகிக்கு உயரம் பத்தாதுன்னாங்க. கல்யாணம் ஆச்சு, கலைஞ்சுச்சு. குழந்தை குட்டி இல்ல. வேண்டாம்னுட்டா, ஏன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணுதான் தம்பி அவளுக்கு மிஞ்சினது, அந்த அழுகை. அதை வச்சு வளசரவாக்கத்துல குழந்தைங்களுக்கு நடிப்புப் பள்ளிக்கூடம் ஒண்ணு வச்சா. நல்லா நடந்துச்சு. குழந்தைங்களை வட்டமா உக்கார வச்சு, 'கண்ணை மூடுங்க. உங்கம்மா இல்லாத வீட்டை நெனைங்க. யாரும் தொட வேண்டாம், மருந்து வேண்டாம். பாசம் இருந்தா தானா வரும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு'ம்பா. நான் போய்ப் பாத்திருக்கேன். எல்லாக் குழந்தையும் சமத்தா அழும். ஞாயித்துக்கிழமைன்னா இங்க வருவா, என் மடியில தலை வச்சுப் படுத்துக்குவா. அம்பது வயசு பொம்பளை. நான் நரைமுடி புடுங்கி விடுவேன்.

அப்புறம்தான் அந்தப் படுபாவி கம்பெனிக்காரன் வந்தான். பழைய படத்தையெல்லாம் தேடி எடுத்து, கழுவித் தொடைச்சு, சிடி மாதிரி தட்டாப் போட்டு விக்கறவன். அட்டையிலயே போட்டிருக்கான், பாரு இங்க, 'ஓரம் வெட்டாத முழுப் படம்'னு. தியேட்டர்ல மறைச்சதையும் சேத்துப் போட்டு, இதுவரைக்கும் யாரும் பாக்காததுன்னு பீத்திக்கறான். ஏன்டா பாக்கல? பாக்கறதுக்கு எடுக்கலடா! அம்பது வருஷம் தியேட்டர்ல ஓடிச்சு, தெரியல. டிவியில போட்டாங்க, அந்தத் தொந்தி டிவி ஓரத்தை முழுங்கிருச்சு, தெரியல. இவன் வந்து எல்லாத்தையும் திறந்து விட்டான்.

அவளே போய் வாங்கிட்டு வந்தா, பாவி. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. பள்ளிக்கூடத்துல புதுசா இதே மாதிரி பெரிய டிவி மாட்டி, எல்லாக் குழந்தைங்களையும் உக்கார வச்சு, 'பாருங்க, உங்க மிஸ் எப்படி அழறேன்'னு போட்டிருக்கா. ஒரு வாண்டு எந்திருச்சு, 'மிஸ், கீழ ஒரு கை தெரியுது'ன்னுருக்கு. 'கை மிஸ்ஸைக் கிள்ளுது'ன்னு இன்னொண்ணு சொல்லியிருக்கு. எல்லாம் சிரிச்சிருக்குதுங்க. இவ கிட்டப் போய்ப் பாத்திருக்கா. நிறுத்தி, திரும்பப் போட்டுப் பாத்திருக்கா. அங்க வேலை செய்யற பொண்ணுதான் பின்னால எங்கிட்ட சொல்லுச்சு.

செருப்பைக் கூடக் கழட்டல, நேரா உள்ள வந்துட்டா. நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்கேன். என் வலது கையைப் புடிச்சுத் திருப்பினா. இந்தா, மணிக்கட்டுல பச்சை குத்தியிருக்கு பாரு, நாலு புள்ளிக் கோலம். எங்க ஊர்ல வயசுக்கு வந்தா குத்துவாங்க. கறுப்பு வெள்ளைப் படத்துல அது கரேல்னு விழுந்திருக்கு.

'இது யார் கைம்மா?'ன்னா. 'என் கைதான்'னேன். 'படத்துல இருக்கறது?'ன்னா. 'எந்தப் படத்துல?'ன்னேன். 'அந்தக் காலத்துல ஊருல பாதிப் பேரு பச்சை குத்திக்கிட்டுத்தான்டி திரிஞ்சாங்க'ன்னேன். அவ என் கைய விடல. 'எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லம்மா. நீ சொன்னதைத்தான் நான் ஞாபகம்னு வச்சிருந்தேன்'னா. 'உன்னை நெனச்சு அழுதேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேனேம்மா'ன்னா. சத்தம் போடல. சத்தம் போட்டிருந்தா நானும் ரெண்டு சத்தம் போட்டிருப்பேன், அதோட தீந்திருக்கும். மெதுவாச் சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சாப்பிட்டியாடி?'ன்னேன். வேற என்ன கேக்கறது? கைய கீழ வச்சுட்டுப் போயிட்டா. அன்னிக்குப் போனவதான்.

பள்ளிக்கூடத்தை மூடிட்டா. பேரு எழுதின பலகையைக் கழட்டிட்டாளாம். 'இனிமே எந்தக் குழந்தைக்கும் அழச் சொல்லித் தர மாட்டேன்'னுட்டாளாம். இப்ப எங்கயோ கணக்கு எழுதற வேலைக்குப் போறாளாம். அதை நெனச்சாத்தான் எனக்கு நெஞ்சு வெடிக்குது. அழுகைக்குன்னே பொறந்த புள்ளைய, கணக்கு எழுத விட்டுட்டானே அந்தக் கம்பெனிக்காரன்!

விடுவேனா? போன் போட்டேன். ரசிகைன்னுதான் சொன்னேன், பேர் சொல்லல. 'தப்பு பண்ணிட்டீங்கப்பா, கீழ்க் கோட்டுக்குக் கீழ இருக்கறது மறைக்கறதுக்குன்னே எடுத்தது. வீடு கட்டினவன் கக்கூஸுக்குக் கதவு வச்சா, முழு வீட்டையும் காட்டறேன்னு நீ வந்து கதவைக் கழட்டுவியா?'ன்னேன். சிரிக்கிறான். 'உங்களுக்கு எப்படிம்மா தெரியும் கோடு எங்க இருந்துச்சுன்னு?'ங்கறான். 'அந்தக் கைக்காகவே நிறைய பேரு வாங்கறாங்கம்மா, அதை எப்படி மறைக்கறது?'ன்னான். போன்லயெல்லாம் அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கையைச் சுத்திச் செவப்பா வட்டம் போட்டு அனுப்பறாங்களாமே. கீழ ராட்சசின்னு எழுதியிருக்காம். நீயும் பாத்திருக்கியா? இல்லைங்கற. சரி, பாத்திருந்தாலும் என் முகத்துக்கு நேரா சொல்ல மாட்ட. பென்ஜமின் உசுரோட இருந்தா சாட்சி சொல்லியிருப்பாரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு.

அதனால ஒரு யோசனை வச்சிருக்கேன். உன்னால ஆகணும், அதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன். கீழ் வீட்டம்மா டிவியில ஒரு பொத்தானை அமுக்கினா படம் பெருசாகுது, மேலயும் கீழயும் ஓடிப்போயிருது. இதுலயும் அது இருக்கும்ல? அதை நிரந்தரமா வச்சுட்டுப் போயிரு. அவ வருவா. வரும்போது இதுலயே அந்தத் தட்டைப் போட்டுக் காட்டுவேன். 'பாருடி, கை எங்க இருக்கு? அது எவனோ கம்ப்யூட்டர்ல ஒட்டினது. நீ என்னை நெனச்சுத்தான் அழுதே'ம்பேன். நம்புவா. நம்பணும்னு அவளுக்கும் ஆசை இருக்காதா? எத்தனை வருஷம் நம்பினா!

மாட்டிட்டியா? அடேயப்பா, சுவரே தெரியல. போடு அந்தத் தட்டை. தட்டு போடற அந்தக் கறுப்புப் பெட்டியில வை. தள்ளு, இன்னும் தள்ளு, குடிசை வரும். இந்தா, நிறுத்து.

ஆமா, ரெண்டு பக்கமும் கறுப்பாத்தான் நிக்கும், பழைய படம் சதுரமாத்தான் இருக்கும். நடுவுல பாரு. கட்டில் கால் பக்கத்துல. அதான்.

எவ்வளவு சின்னக் கை எனக்கு அப்ப. எலும்பும் தோலுமா இருந்தேன்.

வேலை முடிஞ்சதுன்னு அவ போனுக்கு வந்த நம்பரை அவகிட்ட கேக்கணுமா? இப்பவேவா? சரி, போடு. போனை ஸ்பீக்கர்ல வச்சுப் பேசு. நான் மூச்சு விட மாட்டேன்.

...

எடுத்துட்டா, உன் போனுன்னா உடனே எடுத்துட்டா. பாத்தியா, சளி கட்டியிருக்கு குரல்ல. நான் சொன்னேன்ல. என்ன கேட்டா அவ? 'படம் முழுசாத் தெரியுதா, ஓரம் எதுவும் வெட்டலையே'ன்னு கேட்டா இல்ல? 'ரெண்டு பக்கம் கறுப்பு இருந்தா இருக்கட்டும், முழுசாத் தெரியணும், அப்படியே வச்சிருங்க'ன்னா. எனக்கும் கேட்டுச்சு. நம்பரைச் சொல்லிட்டு வச்சுட்டா. எப்பவும் அப்படித்தான், எதையும் ஒழுங்கா செய்யணும் அவளுக்கு.

அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கல இல்ல? நீ வேலையா இருக்கியேன்னு கேட்டிருக்க மாட்டா.

என்ன அப்படிப் பாக்கற? அவ அதுக்காகத்தான் இவ்வளவு பெருசா அனுப்பினாங்கறியா? வாயை மூடு. உங்கம்மாவுக்கு நீ ஒரு டிவி வாங்கிக் குடுத்திருக்கியா இதுவரைக்கும்? வந்துட்டான் பேச.

அவ சொன்னா சொல்லிட்டுப் போறா. இது என் வீடு, நான் சொல்றதைச் செய். அந்தப் பொத்தானை அமுக்கு. கெஞ்சிக் கேக்கறேன், உன் காலைப் புடிக்கட்டுமா? எனக்கு எத்தனை நாள் இருக்குன்னு தெரியல தம்பி. அந்தக் குழந்தை ஒரு தடவ வந்து என் மடியில தலையை வச்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.

அமுக்கு.

ஆங்! போச்சு! கட்டில் கால் போச்சு, கை போச்சு! நல்லா இருப்ப நீ, உன் புள்ளகுட்டி நல்லா இருக்கும். இப்ப யாரு என்ன சொல்ல முடியும்? சுத்தமா இருக்கு. இவ்வளவு பெருசா என் குழந்தை முகத்தை நான் தியேட்டர்ல கூடப் பாத்ததில்ல. கன்னத்துல அந்தக் குழியைப் பாரு. ஓட விடு, ஓட விடு. இப்பத்தான் அழப்போகுது.

கொஞ்சம் பின்னால போ. திரும்பப் போடு.

அது எங்க பாக்குது? செத்த அம்மாவையா பாக்குது? இந்தப் பக்கம் கீழ பாக்குது. எல்லாரும் அதை, வாசலைப் பாக்குது, யாராவது வருவாங்களான்னு பாக்குதுன்னு எழுதினாங்க. அங்க வாசல் எங்க இருக்கு? அங்க நான்தான் உக்காந்திருந்தேன்.

திரும்பப் போடு. சத்தத்தை நிறுத்திட்டுப் போடு. அந்தக் குரல் குழந்தையோடது இல்ல. அப்பல்லாம் சின்னக் குழந்தைக்கு ஒரு பெரிய பொம்பளை பேசுவாங்க, மூணு மாசம் கழிச்சு இருட்டு ரூம்ல நின்னு பேசுவாங்க. எழுதி வச்சது 'எந்திரும்மா'. மொத தடவ அதைத்தான் சொல்லுது, சரியா ஒட்டுது பாரு. ரெண்டாந்தடவ பாரு. உதட்டைப் பாரு. எந்திரும்மான்னா வாய் அப்படியா போகும்?

நான் பக்கத்துலதானே இருந்தேன், எனக்குக் கேட்டுச்சு. அது கட்டில்ல கெடந்தவகிட்டப் பேசல. 'விடும்மா'ன்னுச்சு. 'அம்மா, விடும்மா'ன்னுச்சு. டைரக்டர் கைய ஆட்டிக்கிட்டே இருந்தாரு, நிறுத்தாத நிறுத்தாதன்னு. நான் விடல.

படம் பொடியா இருந்த வரைக்கும் இது யாருக்கும் தெரியாதுப்பா. இவ்வளவு பெருசாப் போட்டா தெரியுதே. அவ கண்ணுக்குத் தெரியாமலா போகும்? குழந்தைங்களுக்கு வாயசைவு சொல்லிக் குடுத்தவ அவ.

தம்பி, அந்தப் பொத்தானை இன்னொரு தடவ அமுக்கேன். இன்னும் பெருசாகும்ல? வாயும் கீழ போயிருமான்னு பாரு. கண்ணு மட்டும் நின்னாப் போதும். கண்ணீருக்குத்தானே பேரு வந்துச்சு, அது தெரிஞ்சாப் போதும். அமுக்குப்பா.